கேப்புக்கு உள்ளே இருக்கும் பல்



ரூட் கேனால் முடித்த பல்லுக்கு கேப் போட வேண்டும் என்று சொன்னதும் பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்விதான்: "இருக்கறதுலயே ஸ்ட்ராங்கான கேப் எது டாக்டர்?" மேசைமேல் மாதிரிகள் இருக்கும். முழு உலோகம், உலோகத்தின் மேல் பீங்கான் ஏற்றியது, லித்தியம் டைசிலிகேட், சிர்கோனியா. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. சிலவற்றோடு வாரண்டி அட்டையும் வரும். வருடம் கூடக் கூட பலமும் கூடும் என்று நினைத்து, கையில் இருக்கும் பணம் எட்டும் வரை மேலே போய் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த அட்டை கேப்புக்குத்தான் பொறுப்பேற்கிறது. கேப்பைச் சுமக்கும் பல்லைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது. இன்று மாலை நான் பேச வந்திருப்பது அந்தப் பல்லைப் பற்றி.

முதலில் ஒரு நம்பிக்கையைப் பார்த்துவிடலாம். "ரூட் கேனால் செஞ்ச பல்லு செத்த பல்லு, ஈரம் வத்திடும், அதான் படக்குனு உடையுது" என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். இது வெறும் ஊர்ப்பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது; பல் மருத்துவமும் நெடுங்காலம் இதைச் சொல்லிக்கொடுத்தது. 1972இல் ஹெல்ஃபரும் அவருடைய சக ஆய்வாளர்களும் நாய்ப் பற்களை எடுத்துப் பார்த்து, பற்கூழ் நீக்கிய பல்லில் ஈரம் 9 சதவீதம் குறைவு என்று எழுதினார்கள். அது பாடமாகவே நிலைத்துவிட்டது. இருபது ஆண்டு கழித்து, 1992இல், செட்ஜ்லி, மெஸ்ஸர் என்ற இருவர் மனிதப் பற்களிலேயே இதைச் சோதித்தார்கள். அவர்கள் செய்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும். ரூட் கேனால் செய்து சராசரியாகப் பத்து ஆண்டு ஆகியிருந்த 23 பற்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அதே மனிதரின் வாயில் எதிர்ப்பக்கத்தில் இருந்த, உயிருள்ள அதே பல்லை ஜோடியாக வைத்தார்கள். வயதும் உணவும் மெல்லும் பழக்கமும் இரண்டுக்கும் ஒன்றே. வெட்டு வலிமை, தாங்குதிறன், உடையும்போது இருந்த சுமை என்று பலவகையில் ஒப்பிட்டார்கள். கடினத்தன்மையில் மட்டும் 3.5 சதவீத வித்தியாசம் வந்தது. மற்றவற்றில் சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. 1994இல் மெஸ்ஸரின் குழு ஈரத்தையும் அளந்து பார்த்தது. எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டினில், உயிருள்ள பல்லில் 12.35 சதவீதம், சிகிச்சை செய்த பல்லில் 12.10 சதவீதம். இந்தக் கால் சதவீதத்தாலா பல் உடைகிறது?

அப்படியானால் எதனால் உடைகிறது? இதற்குத் தெளிவான பதில் 1989இலேயே வந்துவிட்டது. ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் மூவரும், பிடுங்கிய முன்கடைவாய்ப் பற்களில் ஒவ்வொரு சிகிச்சைக் கட்டத்துக்குப் பிறகும் பல்லின் விறைப்பு எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். மேலே துளையிட்டு, வேர்க் குழாய்களைச் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கேனால் வேலை முழுவதற்கும் சேர்த்துக் குறைந்தது 5 சதவீதம்தான். மெல்லும் பரப்பில் சொத்தைக்காக ஒரு குழி வெட்டினால் 20 சதவீதம். அந்தக் குழி முன்பக்கமும் பின்பக்கமும் அடுத்த பல்லைத் தொடும் ஓரம் வரை போய், இரு ஓர மேடுகளையும் தின்றுவிட்டால் 63 சதவீதம்.

இந்த மூன்று எண்களும் என் துறைக்கு அடிப்படை என்று நான் நினைக்கிறேன். நாக்கால் உங்கள் கடைவாய்ப் பல்லைத் தடவிப் பாருங்கள். கன்னப் பக்கம் சில முகடுகள், நாக்குப் பக்கம் சில முகடுகள் தட்டுப்படும். இந்த இரண்டு வரிசையையும் இரு ஓரத்திலும் இருக்கும் மேடுகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. அந்த மேடு போனால் கன்னப் பக்கச் சுவரும் நாக்குப் பக்கச் சுவரும் தனித்தனியாக நிற்கும். ரூட் கேனாலுக்காகக் கூழ் அறையின் கூரையையும் எடுத்துவிட்டால் சுவரின் உயரம் அறையின் தரையிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு கடியிலும் அவை வெளிப்பக்கமாக விரியும், பிறகு திரும்பி வரும். ஒரு வேளைச் சாப்பாட்டிலேயே இது நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது. ஒரு நாள் அடிவாரத்தில் விரிசல் விடுகிறது. உடைந்த அன்று வாயில் போட்டது முறுக்கா, சீடையா, சோற்றில் கிடந்த கல்லா என்பது தற்செயல். பல்லைப் பலவீனப்படுத்தியது சொத்தையும் சொத்தைக்காக வெட்டிய குழியும்தான். ரூட் கேனால் கடைசியாக வந்ததால் பழி அதன் மேல் விழுந்துவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. உயிருள்ள பல் அளவுக்கு மீறிக் கடித்தால் உடனே எச்சரிக்கும். 1986இல் ராண்டோ, கிளான்ட்ஸ் என்ற ஸ்வீடன் ஆய்வாளர்கள் சில நோயாளிகளின் பற்களின் மேல் சுமை ஏற்றிப் பார்த்தார்கள். கூழ் நீக்கிய பல், உயிருள்ள பல்லைவிட இரண்டு மடங்குக்கும் மேலான சுமை ஏறிய பிறகுதான் வலியைச் சொன்னது. அது வலியைச் சொல்வதற்குள் நாம் அந்தப் பக்கமே மேலும் பலமாகக் கடித்துவிடுகிறோம்.

இனி கேப் செய்யும் செராமிக்குக்கு வருவோம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் சார்லஸ் லேண்ட் என்ற பல் மருத்துவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுப் பீங்கான் உறையைப் பல்லுக்குப் போட்டுக் காட்டினார். அட்லாண்டிக் கடலை விமானத்தில் தனியாகக் கடந்த லிண்ட்பெர்க்கின் தாத்தா இவர். உறை பார்க்க அழகாக இருந்தது, ஆனால் உடைந்தது. அறுபதுகளில் உலோகத்தின் மேல் பீங்கானைச் சுட்டு ஏற்றும் முறை வந்து அந்தக் குறையை மறைத்தது. மறைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். உடையும் பீங்கானுக்கு உள்ளே உலோகம் முட்டுக் கொடுத்தது, அவ்வளவே.

பீங்கான் ஏன் உடைகிறது? 1921இல் இங்கிலாந்தில் கிரிஃபித் என்ற பொறியாளர் கண்ணாடி இழைகளை இழுத்து உடைத்துப் பார்த்து இதற்கு விடை சொன்னார். கண்ணாடியின் உடலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கின்றன. இழுவிசை ஒரு கீறலின் நுனியில் குவிகிறது. அந்தக் கீறல் ஒரு எல்லையைத் தாண்டியதும் தானாக ஓடுகிறது. செராமிக் வளைந்து கொடுக்காது. அழுத்தினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் தாங்காது. ஆகவே ஒரு செராமிக் கேப்பின் ஆயுளை நிர்ணயிப்பவை இரண்டு: அதில் மிகப் பெரிய கீறல் எங்கே இருக்கிறது, இழுவிசை எங்கே விழுகிறது.

விற்பனைத் தாள்களில் வேறொரு எண் இருக்கும். வளைவு வலிமை, மெகாபாஸ்கல் கணக்கில். பழைய பீங்கானுக்கு அது 100ஐ ஒட்டி இருக்கும். லித்தியம் டைசிலிகேட்டுக்கு 400ஐ ஒட்டி. சிர்கோனியாவுக்கு 1000ஐ ஒட்டி. சிர்கோனியாவின் கதை தனி அழகு. 1975இல் ஆஸ்திரேலியாவின் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ ஆகியோர் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். "செராமிக் எஃகா?" என்று கேள்வியாகவே தலைப்பு வைத்தார்கள். விரிசலின் நுனி வந்து தொட்டதும் சிர்கோனியாவின் படிகங்கள் வடிவம் மாறுகின்றன. மாறும்போது சுமார் 4 சதவீதம் பருத்து, விரிசலை இருபுறமும் நெருக்கி நிறுத்துகின்றன. இதனால்தான் சிர்கோனியா கேப் அவ்வளவு எளிதில் உடைவதில்லை.

ஆனால் கடையில் "சிர்கோனியா" என்ற ஒரே பெயரில் இன்று பல பொருள்கள் விற்கின்றன. பல்போல ஒளி ஊடுருவ வேண்டும் என்பதற்காக அதில் கலக்கும் இட்ரியா என்ற ஆக்சைடின் அளவைக் கூட்டுகிறார்கள். கூட்டினால் படிகங்களில் பெரும்பகுதி வடிவம் மாறாத வகையாகிவிடும். நெருக்கி நிறுத்தும் அந்த வித்தை குறைந்துவிடும், விரிசலைத் தாங்கும் திறனும் பாதி அளவுக்கு இறங்கிவிடும். "வெள்ளையாகவும் இருக்க வேண்டும், இருப்பதிலேயே பலமாகவும் இருக்க வேண்டும்" என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். பலர் சொல்வதில்லை.

சரி, 1000 மெகாபாஸ்கல் கேப்பை வாங்கிவிட்டோம். பல் தப்பித்ததா?

ஒரு பெரியவர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் மடித்த பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "கேப்பு நல்லாத்தான் இருக்கு தம்பி. நீங்க திரும்ப ஒட்டிக் குடுத்தா போதும்" என்றார். பிரித்தேன். கீழ்க்கடைவாய்ப் பல்லின் சிர்கோனியா உறை. வெளியே ஒரு கீறல் இல்லை, மெருகுகூடக் கலையவில்லை. திருப்பிப் பார்த்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் பல்லின் மேல்பாதி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில், வேருக்குள் நிறுத்தும் கம்பியான ஒரு உலோகப் போஸ்ட் நீட்டிக்கொண்டிருந்தது. உடைந்த பரப்பின் ஒரு ஓரம் கறுத்துப் போயிருந்தது. அந்த இடத்தில் விரிசல் பல மாதங்களுக்கு முன்பே விழுந்து, எச்சில் உள்ளே ஊறியிருக்க வேண்டும். மற்ற ஓரம் புதிதாக, வெளிறி இருந்தது. அது அன்று காலை உடைந்த பகுதி. வாய்க்குள் பார்த்தேன். வேர், ஈறுக்குக் கீழே எலும்பின் விளிம்புவரை பிளந்திருந்தது. ஒட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை. அந்த கேப்பைப் போட்ட இடத்தில் அவருக்குப் பத்தாண்டு வாரண்டி கொடுத்திருந்தார்கள். அட்டையும் பத்திரமாக வைத்திருந்தார்.

அந்த உறையை நான் வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்தேன். பொருளின் தரத்தில் குறையே இல்லை. குறை எங்கே என்றால், உறையின் விளிம்புக்கும் போஸ்ட்டைச் சுற்றியிருந்த அடைப்புக்கும் நடுவே பல்லின் சொந்த டென்டின் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. உலக்கையின் அடியில் இரும்புப் பூண் போடுகிறோமே, அது எதற்கு? குத்தும்போது மரம் நாராகப் பிளந்துவிடாமல் சுற்றி வளைத்துப் பிடிப்பதற்கு. பூண் பிடிக்க மரம் வேண்டும். கேப்பின் அடிவிளிம்பு செய்ய வேண்டியதும் அந்தப் பூணின் வேலைதான். ஈறுக்கு மேலே, பல்லைச் சுற்றிலும், அடைப்போ சிமெண்டோ கலக்காத சொந்த டென்டின் குறைந்தது 2 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும்; தடிமன் ஒரு மில்லிமீட்டராவது வேண்டும். அதைக் கேப் சுற்றிப் பிடித்தால் கடியின் விசை வேர் முழுவதும் பரவும். ஆய்வுக்கூடத்தில் பொருளை மாற்றி, போஸ்ட்டை மாற்றி, சிமெண்டை மாற்றி எத்தனையோ பேர் சோதித்துவிட்டார்கள். திரும்பத் திரும்ப முன்னால் வந்து நிற்பது இந்த 2 மில்லிமீட்டர்தான்.

கேப் பலமாக இருப்பது சில நேரம் பல்லுக்கே ஆபத்தாகவும் முடிகிறது. டென்டினின் விறைப்பு சுமார் 18 கிகாபாஸ்கல். எனாமலுக்கு 80ஐ ஒட்டி, லித்தியம் டைசிலிகேட்டுக்கு 95, சிர்கோனியாவுக்கு 200க்கும் மேல். டென்டினைவிடப் பத்து மடங்கு விறைப்பான ஒரு பொருள் தான் வளையாமல் விசை முழுவதையும் அடியில் இருக்கும் மெல்லிய சுவருக்கும் வேருக்கும் அனுப்புகிறது. எது பலவீனமோ அது உடைகிறது. ஆகவே ஆய்வுக் கட்டுரைகளில் எத்தனை நியூட்டனில் உடைந்தது என்ற எண்ணோடு, எப்படி உடைந்தது என்பதையும் பார்க்கப் பழக வேண்டும். ஒரு கேப் 1500 நியூட்டனில் தானே விண்டு, பல் தப்பினால் இன்னொரு கேப் போட்டுக்கொள்ளலாம். 3000 நியூட்டன் தாங்கி வேரோடு பிளந்தால் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும். என்னைக் கேட்டால் முதலாவதுதான் நல்ல கேப். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: கடைவாயில் மனிதர்கள் முழுப் பலத்தோடு கடித்தாலும் பெரும்பாலும் 600 முதல் 800 நியூட்டன்தான் வரும். சாதாரணமாக மெல்லும்போது அதில் சிறு பகுதிதான்.

அந்தச் சோதனைகளிலும் ஒரு கோளாறு இருந்தது. ஒரு எஃகுக் குண்டை கேப்பின் தலையில் வைத்து, உடையும்வரை ஒரே அழுத்தாக அழுத்துவார்கள். குண்டு தொடும் இடத்தில் மேலிருந்து விரிசல் கிளம்பும். 1999இல் ராபர்ட் கெல்லி என்ற அமெரிக்க ஆய்வாளர், நோயாளிகளின் வாயில் உண்மையாக உடைந்த உறைகள் அப்படி உடையவில்லை என்று எடுத்துக்காட்டினார். வாயில் விரிசல் கிளம்புவது உள்பக்கம், சிமெண்டைத் தொடும் பரப்பில். அதுவும் ஒரே அழுத்தில் நடப்பதில்லை. லட்சக்கணக்கான சிறு கடிகள், எச்சிலின் ஈரம், கீறலின் நுனியில் நீர் புகுந்து பிணைப்பைச் சிறிது சிறிதாக அறுப்பது எல்லாம் சேர்ந்து நடக்கிறது. விளம்பரத்தில் வரும் பெரிய எண்களைப் பார்க்கும்போது அந்த எஃகுக் குண்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

விரிசல் உள்பரப்பில் கிளம்புகிறது என்றால், ஒட்டுவது எப்படி என்பதே பலத்தின் பாதி. லித்தியம் டைசிலிகேட்டில் கண்ணாடி இருக்கிறது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை 20 நொடி தடவினால் கண்ணாடி அரிந்து, நுண்ணிய பள்ளங்கள் விழும். சிலேன் பூசி, ரெசின் சிமெண்டால் ஒட்டினால் சிமெண்ட் அந்தப் பள்ளங்களில் இறங்கிக் கீறல்களையும் மூடிப் பிடிக்கிறது. உறையும் பல்லும் ஒன்றாக வேலை செய்கின்றன. சிர்கோனியாவில் அந்த அமிலம் பலிக்காது. நுண்துகளால் ஊதிச் சொரசொரப்பாக்கி, பாஸ்பேட் வகைப் பிணைப்பான் உள்ள சிமெண்டால் ஒட்ட வேண்டும். ரூட் கேனால் செய்த பல்லில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. குழாயைக் கழுவ நாம் பயன்படுத்தும் ஹைப்போகுளோரைட், டென்டினில் ஆக்சிஜனை விட்டுச்செல்கிறது. அது ரெசின் இறுகுவதைத் தடுக்கிறது. கிராம்பு எண்ணெயிலிருந்து வரும் யூஜினால் கலந்த தற்காலிக அடைப்பும் அப்படியே. அந்தப் பரப்பைச் சுத்தமாகத் துடைத்து, புதிய டென்டினைத் தொட்டு ஒட்டுகிறவருக்கும், அவசரத்தில் ஒட்டுகிறவருக்கும் கேப் ஒன்றுதான், விளைவு வேறு.

ஒட்டும் முறை இப்படி வளர்ந்ததால் பல்லை வெட்டும் முறையே மாறியது. 1985இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் மோர்மானும் பிராண்டெஸ்டினியும் வாயில் கேமராவால் படம்பிடித்து, கணினியால் செராமிக்கைக் கடைந்து, நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே பொருத்தும் செரெக் முறையைக் கொண்டுவந்தார்கள். 1995இல் பிசிஸ் என்பவர் கூழ் அறைக்குள்ளேயே இறங்கி நிற்கும் ஒற்றைத்துண்டுப் பீங்கான் உறையைப் பற்றி எழுதினார். 1999இல் பின்டலும் மோர்மானும் அதற்கு எண்டோகிரவுன் என்று பெயர் வைத்தார்கள். வேருக்குள் போஸ்ட் இல்லை. சுற்றுச் சுவரைச் செதுக்கிக் குறைப்பதும் இல்லை. கூழ் அறையின் பள்ளமே பிடிமானம், பிசினே கட்டு. கடைவாய்ப் பல்லில் அறை அகலமாக இருப்பதால் இது நன்றாக நிற்கிறது. முன்கடைவாய்ப் பல்லில் அறை சிறியது, பல் உயரமானது, பக்கவாட்டு விசை அதிகம். அங்கே நான் தயங்குவேன். சுவர்கள் தடிப்பாக இருக்கும் பல்லுக்கு முகடுகளை மட்டும் மூடும் ஆன்லே போதும். முழு கேப்புக்காகச் சுற்றிலும் பல்லை அரைப்பது, மிச்சம் வைத்திருந்த சேமிப்பை நாமே செலவழிப்பதாகும்.

போஸ்ட் பற்றி இரண்டு வார்த்தை. வேருக்குள் கம்பி வைத்தால் பல் பலப்படும் என்று நினைக்கிறார்கள். கம்பி வேரைப் பலப்படுத்துவதில்லை. அதற்காகக் குழாயை அகலப்படுத்தும்போது வேர் மெலிகிறது. மேலே அடைப்பு நிற்க வேறு பிடிமானம் இல்லாத இடத்தில் மட்டும் அதற்கு வேலை உண்டு.

இனி காலம். அயோவா பல்கலைக்கழகத்தின் அக்விலினோ, கேப்லான் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ரூட் கேனாலுக்குப் பிறகு கேப் போடாத பற்கள், போட்ட பற்களைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன என்று தெரிந்தது. 2004இல் அமெரிக்கக் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து ரூட் கேனால் செய்த 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பற்களை வேறு சிலர் பின்தொடர்ந்து பார்த்தார்கள். எட்டு ஆண்டுக்குப் பிறகு 97 சதவீதம் வாயிலேயே இருந்தன. பிடுங்க வேண்டிவந்த பற்களில் 85 சதவீதம் முழு உறை போடாதவை. கேப் போட முடிந்த பல் முதலிலேயே நல்ல நிலையில் இருந்திருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்தான். இருந்தாலும் கடைவாய்ப் பல்லின் முகடுகளை மூடுவதன் பயன் மறுக்க முடியாதது. முன்பற்கள் வேறு, அவற்றில் சுவர் முழுதாக இருந்தால் ஒரு அடைப்பே போதும். முன்பல்லுக்கும் தயங்காமல் கேப் போடும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை.

நம் ஊரில் நடப்பது என்ன? வலிக்கு ரூட் கேனால், வலி நின்றதும் நோயாளி நின்றுவிடுகிறார். கேப்புக்குத் தனிப் பணம். பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் மாதம், வீட்டில் கல்யாணம். பல்தான் வலிக்கவில்லையே. தற்காலிக அடைப்போடு பல மாதங்கள் ஓடும். அடைப்பின் ஓரம் கசியும், கிருமி மறுபடி வேருக்குள் இறங்கும், சுவர் பிளக்கும். அதிகப் பணம் போட்டு உயர்ந்த கேப் வாங்குவதற்காகத் தள்ளிப்போட்டு, இடையில் பல்லையே இழந்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. அடுத்த வாரமே போட்ட எளிய உலோகக் கேப், அடுத்த வருடம் போடப்போகும் சிர்கோனியாவைவிட எவ்வளவோ மேல். முழு உலோகம் கடைவாயில் மெல்லியதாகவே நிற்கும், பல்லையும் குறைவாக அரைத்தால் போதும். சிரித்தால் தெரியாத இடத்தில் அதைப் போடுவதற்கு வெட்கப்பட எதுவும் இல்லை.

பணமே இல்லாதவர்கள், உங்கள் மருத்துவரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். முகடுகளைத் தாழ்த்தி, அவற்றின் மேல் காம்போசிட் பூசி மூடிக்கொடுத்தால் சில ஆண்டு தாக்குப்பிடிக்கும். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் குறைந்த செலவில் கேப் போடலாம். அங்கே காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்துக்கும் இந்த காம்போசிட் மூடி பாதுகாப்பு.

கேப் ஒட்டிய பிறகு கடி உயரமாக இருந்தால் டாக்டர் டயமண்ட் பர்ரால் தேய்த்துச் சரிசெய்வார். தேய்த்த இடத்தில் மறுபடி மெருகேற்றச் சொல்லுங்கள். தேய்த்துவிட்டு அப்படியே விட்டால் புதிய கீறல்கள் அங்கே காத்திருக்கும், எதிர்ப்பல்லும் தேயும். இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு இரவில் மாட்டும் கவசம், எந்தக் கேப்பைவிடவும் அதிகம் உதவும்.

கடைசியாக, அந்த 2 மில்லிமீட்டர் இல்லாத பல்லை என்ன செய்வது? இரண்டு வழி உண்டு. ஈறையும் எலும்பையும் சிறிது இறக்கி, வேரை வெளியே தெரியவைக்கலாம். அல்லது கம்பி கட்டி, சில வாரங்களில் வேரை மெல்ல மேலே இழுக்கலாம். இரண்டிலும் வேரின் நீளம் போதுமா, எலும்பில் எஞ்சும் பகுதி கேப்பைத் தாங்குமா என்பதை எக்ஸ்ரேயில் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கடைவாய்ப் பல்லில் எலும்பை அதிகம் இறக்கினால் வேர்கள் பிரியும் இடம் வெளியே தெரிந்துவிடும். அது புதிய நோய்க்கு வழி. இவை எதுவும் முடியாது என்றால், அந்தப் பல்லின் மேல் விலை உயர்ந்த செராமிக்கை ஏற்றாமல், ரூட் கேனாலைத் தொடங்குவதற்கு முன்பே "இதை எடுத்துவிடலாம்" என்று சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை. சிகிச்சை தொடங்கும் நாளன்று, சொத்தை முழுவதையும் சுரண்டி எடுத்த பிறகு, ஈறுக்கு மேலே எவ்வளவு பல் மிஞ்சியிருக்கிறது என்று கேளுங்கள். கண்ணாடியில் காட்டச் சொல்லுங்கள். எந்த கேப் என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.